‘தடு’ என்ற பொத்தான்

கணினியில் ஒரு செயலி இணையத்தோடு பேச மறுத்தால் மக்கள் முதலில் மழையைத் திட்டுவார்கள், பிறகு லைன் கம்பெனியை, கடைசியில் சரிசெய்ய வந்தவளை. புக்கிட் காத்திலில் ஒரு கணினிக் கடையில் ஐந்து ஆண்டுகளாக அந்தக் கடைசித் திட்டு எனக்குத்தான். பாதி நாட்களில் குற்றவாளி ஃபயர்வால். எந்தச் செயலி வெளியே போகலாம், எது உள்ளே வரலாம் என்று பார்க்கும் காவல் அது. புதிதாக ஒன்று வந்தால் கேட்கும்: அனுமதிக்கவா, தடுக்கவா? உங்களையும் கேட்டிருக்கும். எதையோ அழுத்திவிட்டு மறந்திருப்பீர்கள்.

எங்கள் முதலாளியிடம் இதற்கு ஒரே வைத்தியம்தான்: ஃபயர்வாலை அணைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போ. நான் அணைப்பதில்லை. அடைத்திருப்பது எது என்று தேடி, அதை மட்டும் திறப்பேன். நேரமாகும். அதனாலேயே என் வேலை எப்போதும் ஆட்டம் கண்டபடியே இருக்கிறது.

கணக்கு டீச்சர்

கடையிலிருந்து வெகுதூரத்தில், லூபோக் சீனாவில், லெட்சுமி அக்கா வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கு சொல்லித்தருகிறார். அன்று வகுப்புச் செயலி சுற்றிக்கொண்டே இருந்தது. கைப்பேசியில் பிள்ளைகள் “டீச்சர், எங்க?” என்று குரல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஃபயர்வால் பட்டியலைத் திறந்தால், ஒரு செயலி விடாமல் எல்லாவற்றுக்கும் ‘தடு’.

“கேள்வி வந்தப்ப இதையா அழுத்துனீங்க, அக்கா?”

“எப்பவும் அதான் அழுத்துவேன்” என்றார், கொஞ்சமும் கூசாமல். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. “தோட்டத்துல மேனேஜர் ஒரு சூராட்ட, கடுதாசிய, நீட்டுனாரு. எங்கப்பா வாசிக்காம சைன் பண்ணாரு. மறு மாசம் லயத்து வீடு போச்சு. வெளங்காத கேள்விக்கு எங்க வீட்ல யாரும் சரின்னு சொல்றதில்லம்மா.”

விசுவாசம்

தஞ்சோங் கிளிங்கில் கடலைப் பார்த்த ஒரு சிறிய தங்கும் விடுதியை ஸ்டான்லி அங்கிள் பார்த்துக்கொள்கிறார். அறைப் பதிவுச் செயலி இரண்டு நாளாக வேலை செய்யவில்லை. நான் ‘அனுமதி’ கொடுத்தேன். அசையவில்லை. மறுபடி கொடுத்தேன். அதே கதை. பட்டியலின் அடியில் யாரோ எப்போதோ அழுத்திய ஒரு ‘தடு’ கிடந்தது. ஃபயர்வாலில் எத்தனை அனுமதி இருந்தாலும் ஒரு மறுப்பு இருந்தால் மறுப்புதான் செல்லும். எனக்கு அந்தச் சட்டம் பிடிக்கும்.

அதைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு மணி நேரம் போயிருந்தது. அங்கிள் பொறுமை இழந்துவிட்டார். “ஃபயர்வால ஓஃப் பண்ணிட்டுப் போம்மா. நாங்க ஜெபம் பண்றவங்க, ஒண்ணும் ஆகாது.”

“அப்ப வாசல்ல எதுக்கு அங்கிள் இவ்வளவு பெரிய இரும்பு கிரில், ரெண்டு பூட்டு வேற?”

அவர் என்னை ஒரு முட்டாளைப் போலப் பார்த்தார். “ஐயோ, அது திருடனுக்கு லா.”

சைன் பண்ணு

அந்தத் ‘தடு’வை மட்டும் எடுத்துவிட்டு நான் கடைக்குத் திரும்புவதற்குள், நேரமாக்குகிறேன் என்று அங்கிளின் புகார் வந்து சேர்ந்திருந்தது. மறுநாள் காலை முதலாளி ஒரு தாளை நீட்டினார். கடையில் வேலை பார்க்கும் மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். முதல் வரி: எந்தப் புகார் வந்தாலும் முதலில் ஃபயர்வாலை அணைப்பேன். படிப்பதை நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். லெட்சுமி அக்காவின் அப்பா நினைவுக்கு வந்ததால் கடைசிவரை படித்தேன். கடைசி வரி: பிறகு என்ன நேர்ந்தாலும் பொறுப்பு என்னுடையது.

“போஸ், அணைக்கச் சொல்றது நீங்க, பொறுப்பு மட்டும் எனக்கா?”

“எல்லாரும் போட்டுட்டான். நீ என்ன பெரிய இவளா? சைன் பண்ணு, இல்லன்னா வேற கடை பாத்துக்க.”

“பாத்துக்கறேன். சைன் பண்ண மாட்டேன்.”

என் ஸ்க்ரூடிரைவர்களைப் பையில் போட்டேன். அவை என் சொந்தப் பணத்தில் வாங்கியவை. கதவருகே போனபோது கடைத் தொலைபேசி அடித்தது. முதலாளி எடுத்தார், கேட்டார், ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். “லூபோக் சீனாவுல ஒரு கேஸ். அவ்வளவு தூரம் இவனுங்க எவனும் போக மாட்டான். போய்ட்டு வா, அப்புறம் உன்ன வேலைய விட்டு நிறுத்துறேன்.”

போய்வந்தேன். அந்தத் தாள் என் கையெழுத்து இல்லாமல் இன்னும் அவர் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. முதலாளி என்னை அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை.