பெருமாளுக்குச் சாத்திய பூண்டு

கல்யாணமாகி மைசூருக்கு வரும்வரை பூண்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வந்த பிறகும் தெரியாது. வாடை மட்டும் தெரியும். அது எப்போதும் அடுத்த வீட்டிலிருந்துதான் வரும். பிறந்த வீட்டிலும் அப்படித்தான், லட்சுமிபுரத்தில் புகுந்த வீட்டிலும் அப்படித்தான். அந்த வாடை மூக்கில் பட்டால் எங்கள் வீட்டில் யாரும் தன் கையை மோந்து பார்க்க மாட்டார்கள், காம்பவுண்டுச் சுவரைத்தான் முறைப்பார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸம்மா குடியிருந்தாள். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். ஆஸ்பத்திரியில் பாதி நாள் நைட் டூட்டி. இந்தப் பக்கம் என் மாமனார். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பெருமாள் திருவாராதனத்தையும் புழக்கடைத் தோட்டத்தையும் கட்டிக்கொண்டு அழுதவர். மனுஷர்களெல்லாம் அவருக்கு அதற்கப்புறம்தான்.

மிச்சமிருந்த வெள்ளைக்காரர்களும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. யாதவகிரிப் பக்கம் ஒரு துரை வீட்டில் சாமான்களை ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் மேஜையும் நாற்காலியும் தூக்கி வந்தார்கள். இவர் ஒரு மண் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜட்காவில் வந்து இறங்கினார். புல் மாதிரி நீள இலை, நடுவில் நீண்ட தண்டு, அதன் நுனியில் ஊதா நிறத்தில் கொத்தாகச் சின்னச் சின்னப் பூ. ஏதோ சீமைப் பூ என்று துரைசானி சொன்னாளாம். சுயராஜ்யம் வந்து சில வருஷம் ஆகியிருந்தாலும் துரைசானி சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

செடி என்னமாய் வளர்ந்தது! வேரோடு கிளப்பினால் அடியில் குட்டிக் கிழங்குகள். பிரித்துப் பிரித்து நட்டார். ஒரு தொட்டி ஒரு பாத்தி ஆயிற்று, ஒரு பாத்தி வேலி ஓரம் முழுக்கப் பரவியது. கூடப் படித்த சிநேகிதர்களுக்குக் கொடுத்தார். கோயில் பட்டர் வீட்டுக்கும் ஒரு கூடை போயிற்று. தேவராஜ மார்க்கெட்டில் சேவந்தி வாங்குவதை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் தன் கையாலேயே அந்த ஊதாப் பூவைப் பறித்துப் பெருமாளுக்குச் சாத்தினார். சும்மா சொல்லக் கூடாது, கறுத்த விக்கிரகத்துக்கு அந்த நிறம் அழகாகத்தான் இருந்தது.

அப்போதிலிருந்துதான் தொல்லை. அவர் பூப்பறிக்கிற நேரம் பார்த்து தினமும் பூண்டு வாடை வரும். கையில் பூக்குடலையோடு நின்று, சுவருக்கு மேலே தெரிகிற நர்ஸம்மா வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்துக் கத்துவார். "பெருமாள் எழுந்திருக்கற நேரம் பார்த்துன்னா தாளிக்கறா! வேணும்னே பண்றா!"

நர்ஸம்மா ஒருநாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். "என்னங்க சார், இப்பத்தான் டூட்டி முடிச்சு வரேன். புடவைகூட மாத்தல. அடுப்புல பூனை தூங்குது, வந்து பாருங்க."

மாமனார் பூக்குடலையோடு உள்ளே போய்விட்டார். பூனை சாட்சியை அவர் ஏற்பதாக இல்லை.

இந்தச் சமயத்தில்தான் எனக்குக் குழந்தை பிறந்தது. பெண். பிறந்த வீட்டில் அம்மா இல்லாததால் பிரசவம் இங்கேயே. முதல் சில நாள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு எனக்குப் பால் வற்றிவிட்டது. பசும்பாலைத் தண்ணீர் கலந்து கொடுத்தால் குழந்தை அப்படியே கக்கியது. வீரிட்டு அழுதவள், வர வர அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினாள். அவள் தொடையில் தோல் சுருங்கித் தொங்கியது. இவள் என் கையிலேயே போய்விடுவாளோ என்று பயந்தேன். எனக்குப் போட்டதோ பத்தியச் சாப்பாடு, அரை வயிற்றுக்கு. தண்ணீர் கேட்டால் தொண்டை நனைகிற அளவு கொடுப்பார்கள். நிறையக் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்குமாம்.

முருங்கை மரத்தோடு நடந்த சண்டையெல்லாம் தெரிந்தும் நர்ஸம்மா குழந்தையைப் பார்க்க வந்தாள். புழக்கடை வழியாகத்தான் வரவிட்டார்கள். குழந்தையைத் தூக்கிப் பார்த்தவளுக்கு முகம் மாறிவிட்டது.

"மாமி, பூண்டைப் பால்ல வேகவெச்சுக் குடுங்க. பால் தானா ஊறும். வயிறு நிறையத் தண்ணியும் குடுங்க."

மாமியார் பூஜை அறைப் பக்கம் பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு கனைப்பு வந்தது. "அது மட்டும் எங்காத்துல நடக்காது நர்ஸம்மா. வேற ஏதானும் சொல்லுங்கோ."

"வேற என்னத்தச் சொல்ல? கொழந்தை எளைச்சுட்டே போகுதே!"

மறுநாள் மத்தியானம் குழந்தைக்கு வெயில் படட்டும் என்று புழக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மடியில் அவள் முனகிக்கொண்டிருந்தாள். மாமனார் உள்ளே மாமியாரிடம் சொல்வது காதில் விழுந்தது: "அந்தச் செடிக்கு ரெண்டு வேளையும் தண்ணி விடணும், மறந்துடாதே. வாடிடப் போறது." எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே பாத்தியில் சீமைப் பூ மதமதவென்று நின்றது.

வந்ததே கோபம்! குழந்தையைத் துணியில் கிடத்திவிட்டு எழுந்துபோய் ஒரு கொத்து இலையைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினேன்.

குப்பென்று பூண்டு வாடை. பழக்கதோஷம், நான்கூட முதலில் சுவரைத்தான் பார்த்தேன். அந்தப் பக்கம் கதவு பூட்டியிருந்தது. பிறகுதான் என் உள்ளங்கையை மோந்தேன். அடப் பெருமாளே! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நின்ற இடத்திலேயே இலையை வாயில் போட்டு மென்றேன். விஷமாயிருந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது நாலாவது வாய்க்குத்தான். முதலில் சாதாரணப் புல், பிறகு நாக்கில் சுருக்கென்று காரம், கடைசியில் லேசாக ஒரு தித்திப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது.

சாயங்காலம் நர்ஸம்மாவைச் சுவரோரம் கூப்பிட்டு இலையைக் காட்டினேன். கிள்ளி மோந்தாள், ஒரு துணுக்கு கடித்தாள். "இது காட்டுப்பூண்டுல ஒரு தினுசும்மா. எங்க மேட்ரன் வீட்டுத் தோட்டத்துல இருக்கு. நறுக்கி ஆம்லெட்ல போடுவாங்க. தாராளமா சாப்பிடலாம்." அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. வேலி ஓரம் முழுக்க ஒரு தரம் பார்த்தாள். "அடப்பாவமே! இத்தனை நாளும் என் தலையில போட்டுட்டு இருந்தது இதையா?"

கூச்சல் போடப்போகிறாள் என்று நினைத்தேன். போட்டிருந்தாலும் நியாயம்தான். "பேசாம தின்னுட்டு வா. முதல்ல பால் வரட்டும், சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன்பின் புடவைத் தலைப்பில் இலையை ஒளித்து எடுத்துப் போய்ச் சாதத்துக்கு அடியில் வைத்துச் சாப்பிட்டேன். சூட்டுச் சாதத்தில் வாடினால் இன்னும் ருசி. குளிக்கிற சாக்கில் அண்டாத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்தேன். என் வீட்டுக்காரர் இரவில் மூக்கைச் சுளித்து, "பக்கத்தாத்து வாடை ரூமுக்குள்ளயே வந்துடுத்தே" என்று ஜன்னலைச் சாத்தினார். பால் ஊற ஆரம்பித்தது. இலையாலா, தண்ணீராலா, கோபத்தாலா, எனக்குத் தெரியாது. குழந்தை முட்டி முட்டிக் குடித்தாள்.

மாட்டிக்கொடுத்ததும் அவள்தான். மாமியார் ஒருநாள் அவளைக் கொஞ்சிக்கொண்டிருந்தவர், முகத்தை அருகில் கொண்டுபோனவர், அப்படியே நின்றுவிட்டார். "ஏண்ணா! குழந்தை வாயில பூண்டு வாடை!"

கூடத்தில் விசாரணை நடந்தது. மாமனாரும் நானும் நேருக்கு நேர் பேசுகிற வழக்கமில்லை. நடுவில் மாமியார்தான்.

"அந்த நர்ஸ்தானே கொடுத்தா? கேளு."

"இல்லைன்னு சொல்லுங்கோம்மா. பெருமாளோட பாத்தியிலேர்ந்து பறிச்சேன்." தலைப்பிலிருந்த இலையை எடுத்து அவர் முன்னால் தரையில் வைத்தேன்.

எடுத்தார். கசக்கினார். மோந்தார். மறுபடியும் மோந்தார். அவர் முகத்தில் வரிசையாக எல்லாம் ஓடியதை என்னால் பார்க்க முடிந்தது: மாதக்கணக்காகப் பெருமாள் திருமுடியில் இருந்தது, சிநேகிதர்கள் தோட்டம், பட்டர் வீட்டுக்குப் போன கூடை. இது பூண்டென்று ஒப்புக்கொண்டால் மைசூரில் அவர் தலைகாட்ட முடியாது.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "இத்தனை மாசமா பெருமாளே இதோடதான் இருந்திருக்கார். அவருக்கு ஒண்ணும் ஆகல. இவளுக்கு மட்டும் என்ன ஆயிடப் போறது?"

மாமனார் தொண்டையைச் செருமினார். "இது பூண்டில்லை. புஷ்பம். வாசனை கொஞ்சம் அப்படி இருக்கும், அவ்வளவுதான். பெருமாளுக்குச் சாத்தினது பிரசாதம். தாராளமா சாப்பிடலாம்னு அவகிட்ட சொல்லு."

அன்றோடு காலையில் வந்த வாடை ஓய்ந்தது. செடி அப்படியே இருந்தது, பூவும் தினமும் பறித்தார், மூக்குதான் யாருக்கும் வேலை செய்யவில்லை. நர்ஸம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவும் இல்லை. எனக்குப் பிரசாதத் தட்டில் பூவோடு ஒரு கொத்து இலையும் வந்தது.

எல்லோருக்கும் திருப்தி. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. குழந்தைக்காக அந்த மனுஷர் ஒரு இம்மியும் இறங்கி வரவில்லையே! தன் மானத்துக்காக இறங்கினார், அதில் என் பெண்ணுக்கும் கொஞ்சம் கிடைத்தது. ஒருநாள் மாமியார் ஊரில் இல்லை. தட்டை அவரே கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார். மடியில் குழந்தை குடித்துக்கொண்டிருந்தாள். வழக்கமாவது மண்ணாவது என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"இது நெஜமாவே பூண்டா இருந்திருந்தா? இவளை அப்படியே விட்டிருப்பேளா?"

முதல் தடவையாக என்னைப் பார்த்து, என்னிடமே பேசினார்.

"தெரியலைம்மா" என்றார்.

தன் மானத்துக்காக அவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னவர், எனக்காக ஒரு சின்னப் பொய் சொல்லியிருக்கலாம்.