தலைவரின் நாற்காலி

ஆரணியில் ஞாயிறுதோறும் தொலைதூரக் கல்வி மாணவர்களுக்கு வரலாறு நடத்துகிறேன். தேசூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு பெண்மணியின் கண்ணெல்லாம் களைப்பாக இருக்கும். யார் உள்ளே நுழைந்தாலும் பாதி எழுந்துவிடுவார்.

அன்று பாடம், அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்துப் போராடிய பெண்கள். அவர்களுக்கே ஓட்டு கிடையாது, கூட்டங்களில் பேசவும் விடமாட்டார்கள்.

"நான் பஞ்சாயத்து தலைவருங்க," என்றார் அவர். "நாற்காலில எங்க வூட்டுக்காரருதான் குந்திகினு இருக்காரு. சொல்லி சொல்லி பேஜாராயிடுச்சு. அந்த அமெரிக்கா பொம்பளைங்களுக்கு எப்பங்க ஓட்டு வந்துச்சு?"

"போராட ஆரம்பிச்சவங்கள்ல பல பேர் செத்த பிறகுதாம்மா."

சற்று யோசித்தார். "அப்ப வர்ற கூட்டத்துல நானே குந்திடறேங்க."

அடுத்த மாதம் விசாரித்தேன்.

"குந்தினேங்க. அவரு எழுந்து வெளிய போயிட்டாரு. வூட்ல இப்ப யாரும் என்னாண்ட பேசறதில்ல."

சொல்லிவிட்டு மேசையில் தலைசாய்த்துத் தூங்கிப்போனார். நான் குரலைத் தாழ்த்திப் பாடத்தைத் தொடர்ந்தேன்.