வெர்னியர் அளந்த சிவப்பு

1991 ஜூன் 14, வெள்ளி. என் மனைவியின் சளியில் காசநோய்க் கிருமி இருப்பது உறுதியானது. அன்று மாலையே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள்.

ஜூன் 15, சனி. பக்கத்து வீட்டாரிடம் தகவலைச் சொன்னேன்.

ஜூலை 3, புதன். முற்பகல் 11.20க்கு அவள் இறந்தாள்.

ஜூலை 8, திங்கள். பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைக்கு, வயது மூன்று, முன்கையில் காசநோய்ச் சோதனை ஊசி போடப்பட்டது. ஜூலை 10 அன்று பார்த்தபோது தடிப்பு மூன்று மில்லிமீட்டர். மார்புப் படம் தெளிவு. மூன்று மாதங்களுக்கு மாத்திரை, அதன்பின் மறுசோதனை.

அக்டோபர் 7, திங்கள், காலை 10 மணி. இரண்டாவது ஊசி.

அக்டோபர் 9, புதன், காலை 6.30. குழந்தையின் தந்தை வீட்டில் அளந்தது: 18.6 மில்லிமீட்டர்.

இதுவரையுள்ள குறிப்பை அன்று காலை ஏழு மணிக்கு எழுதினேன். பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது; கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

சென்னையில் ஒரு கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் உடலியல் கற்பித்தேன். நோய் எதிர்ப்பு குறித்த பாடம் ஒவ்வோர் ஆண்டும் என்னிடமே வந்தது. ஓய்வு பெற்றதும் சேரப்பணஞ்சேரிக்கு அருகே ஒரு மனையில் சிறு வீடு கட்டிக்கொண்டு வந்ததற்கு என் மனைவியின் இருமலே காரணம். நகரத்துத் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இது ஒவ்வாமை என்று முடிவு செய்தவன் நான். மருத்துவர் எவரும் அப்படிச் சொல்லவில்லை. இங்கு வந்தபின் இருமல் சில மாதங்கள் அடங்கியிருந்தது. என் முடிவு சரியென்பதற்கு அதையே சான்றாக எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டில் ஓர் இளம் தம்பதி குடியிருந்தார்கள். கணவர் ஸ்ரீபெரும்புதூர் சாலையில் பல்சக்கரம் செய்யும் ஒரு சிறு ஆலையில் தரப் பரிசோதகர். மனைவி மின்கம்பிகளைக் கட்டாகப் பின்னித் தரும் ஒரு கூடத்தில் பகல் ஷிப்ட். அவர்கள் இருவரும் வேலைக்குப் போகும் நாள்களில் குழந்தை எங்கள் வீட்டில் இருக்கும். மதியம் என் மனைவியின் மடியில், அவளுடைய பழைய நீலச் சேலையைப் பிடித்துக்கொண்டு தூங்கும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதற்குமேல் அதைப்பற்றி எழுத வேண்டியதில்லை.

ஜூன் 15 அன்று நான் போய்ச் சொன்னபோது அந்தத் தாய் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். நான் சொல்லி முடித்தேன். பிறகு அவள் கேட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது."

"உங்களுக்கு?"

"ஒவ்வாமை என்று நினைத்தேன்."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அந்தத் தலையாட்டலில் கோபம் இருந்ததா என்று அடுத்த பதினாறு வாரங்களும் எனக்குத் தெரியவில்லை. குழந்தைக்கு நோய் தொற்றியிருந்தால் அதைக் கொடுத்தவள் என் மனைவி என்றாகும். அவள் போய்விட்டாள், இல்லையென்று சொல்ல அவளுக்கு வாயில்லை. அவளுடைய மூன்றாண்டு மதியங்கள் அனைத்தும் ‘கொடுத்தவள்’ என்ற அந்த ஒரே சொல்லுக்குள் போய்விடும். நான் அஞ்சியது அதற்கு.

ஜூலையில் மூன்று மில்லிமீட்டர் என்றார்கள். அந்தப் பெண் மகிழ்ந்தாள். நான் மகிழவில்லை. காசநோய்க் கிருமி நுரையீரலில் நுழைந்ததும் அதை விழுங்கும் செல்கள் அங்கேயே இருக்கின்றன. விழுங்கிய பின் பல நேரம் அவற்றால் அதைக் கொல்ல முடிவதில்லை. கிருமியின் துணுக்குகளைத் தம் மேற்பரப்பில் ஏந்தி மற்றொரு வகைச் செல்களுக்குக் காட்டுகின்றன. அந்தத் துணுக்கை அடையாளம் காணக்கூடியவை உடலில் மிகச் சில. அவை பெருகி, நினைவில் வைத்துக்கொண்டு, உடலெங்கும் பரவ எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் வரை ஆகலாம். அதுவரை சோதனை ஊசிக்குத் தோல் பதில் சொல்லாது. வகுப்பில் இதைப் போர்க்களமாக வருணித்தால் மாணவர்கள் விரும்பிக் கேட்பார்கள். உண்மையில் அது ஓர் அலுவலகத்தில் கோப்பு நகர்வதைப் போன்றது. அவசரம் என்பது அதற்குத் தெரியாது. ஜூலையில் கிடைத்த விடை, கோப்பு இன்னும் திறக்கப்படாத நாளில் கிடைத்த விடையாக இருக்கலாம். ஆகவே அக்டோபருக்காகக் காத்திருந்தேன்.

அக்டோபர் 9 காலையில் பக்கத்து வீட்டு இளைஞர் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் எங்கள் வேலியருகே நின்று கூப்பிட்டார். கையில் பல்சக்கரங்களின் தடிமனை அளக்கும் வெர்னியர் அளவி.

"சார், பதினெட்டு புள்ளி ஆறு வருது. மூணு வாட்டி வெச்சிப் பாத்துட்டேன். ஒரே ரீடிங்."

பின்னாலேயே அவருடைய மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "கொயந்த கையா, பல்சக்கரமா இது? வந்ததும் வராததுமா அந்த இரும்ப வெச்சி அமுக்கிகினு நிக்குது. சார், நீங்களாவது சொல்லுங்க."

"அளக்காம இன்னா பண்றது? பத்துக்கு மேல வந்தா லிமிட் தாண்டுச்சுன்னு நீதான சொன்ன, சிஸ்டர் சொல்லிச்சுன்னு?"

"கம்பெனில ரிஜெக்ட் பண்ணது பத்தாது, வூட்ல வந்து என் கொயந்தய ரிஜெக்ட் பண்றியா?"

அவள் கேலியாகத்தான் தொடங்கினாள். வாக்கியம் முடிவதற்குள் குரல் உடைந்துவிட்டது. குழந்தை தன் முன்கையை எனக்கு நீட்டிக் காட்டியது. வட்டமான சிவப்பு, ஓரம் தெளிவாக இருந்தது. மூன்றிலிருந்து பதினெட்டுக்கு மேல். என் மனம் உடனே ஒரு வரைபடம் போட்டது. எந்த வாரத்தில் கிருமி நுழைந்தது, எந்த வாரத்தில் நினைவு பதிந்தது என்று கணக்கிடத் தொடங்கிவிட்டேன். "போய்க் காட்டுவோம்" என்று மட்டும் சொன்னேன்.

ஒரகடத்தில் ஏறிய பேருந்தில் கூட்டமில்லை. இளைஞர் முன் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். அந்தப் பெண் எனக்குக் குறுக்கே இருந்த இருக்கையில் அமர்ந்திருந்தாள். எல்லைக்கல் நட்ட மனைகளில் முந்தைய நாள் மழைநீர் தேங்கிக் கிடந்தது. அவள் சன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"சார், அம்மா கொயந்தய மடியில வெச்சிகினு இருக்கசொல்ல இருமல் வந்தா, மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கும். முந்தானைய வாயில வெச்சிக்கும். நான் எத்தினி வாட்டி பாத்துகீறேன்."

 சன்னல் கம்பியை ஒரு முறை துடைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"இன்னா வந்தாலும், அதத் தப்பா நெனைக்க மாட்டேன். சொல்லிடணும்னு தோணுச்சு."

மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவில் இருந்த செவிலி ஐம்பது வயதைக் கடந்தவர். குழந்தையை மேசைமேல் உட்காரவைத்து, முழங்கையை லேசாக மடக்கச் செய்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அந்தச் சிவப்பின் மீது தடவினார்.

"யாரு சொன்னது பதினெட்டு?"

இளைஞர் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார்.

"ஐயே, இத்தயும் தூக்கிகினு வந்துட்டியா? கம்பெனில தேட மாட்டாங்க?"

"என் சொந்தம் சிஸ்டர்."

"சர்தான். நீ அளந்தது கலரு. கலரு எனக்கு வாணாம்." என்னைப் பார்த்தார். "சாரு யாரு, தாத்தாவா?"

"பக்கத்து வூட்டு சார்," என்றாள் அந்தப் பெண். "காலேஜ்ல இதே பாடந்தான் நடத்துனாராம்."

"அப்ப நீங்க சொல்லியிருக்கலாமே சார்."

சொல்லியிருக்கலாம். சிவப்பு என்பது குருதி நாளங்கள் விரிவது. தடிப்பு என்பது நினைவு கொண்ட செல்கள் வந்து குவிவது. எண்ணத் தக்கது இரண்டாவது மட்டுமே. இருபத்தெட்டு முறை கரும்பலகையில் எழுதிய வாக்கியம் இது. அந்தத் தடிப்பை ஒரு கையில்கூட நான் தொட்டுப் பார்த்ததில்லை. அன்று காலை குழந்தை கையை நீட்டியபோதும் தொடவில்லை. பார்த்தேன், நம்பினேன்.

செவிலி ஒரு பந்துமுனைப் பேனாவை எடுத்தார். சிவப்புக்கு வெளியே தோலில் முனையை வைத்து, மையத்தை நோக்கி மெல்ல இழுத்தார். தடிப்பு இருந்தால் அதன் ஓரத்தில் பேனா முட்டி நிற்கும். பேனா சிவப்பின் விளிம்பைத் தாண்டியது. நிற்கவில்லை. மேலும் போயிற்று. குழந்தைக்குக் கூச்சம், சிரித்தது. மையத்துக்கு மிக அருகில் வந்தபின்தான் நின்றது. எதிர்ப்புறத்திலிருந்தும் அவ்வாறே ஒரு கோடு. இரண்டு கோடுகளின் முனைகளுக்கும் நடுவே ஒரு பயற்றம்பருப்பின் அகலம்.

"இந்தா, உன் இரும்பக் கொண்டா. நீயே அளந்து பாத்துக்கோ. இல்லாட்டி ராத்திரி ஷிப்ட்ல தூக்கம் வராது உனக்கு."

இளைஞர் வெர்னியரைக் கோடுகளின் முனைகளில் பொருத்தினார். "நாலு புள்ளி ரெண்டு."

செவிலி அட்டையில் நான்கு என்று எழுதினார். "அந்தப் புள்ளி ரெண்ட நீயே வெச்சிக்கோ."

என் மனைவிக்கும் ஜூன் மாதத் தொடக்கத்தில் இந்த ஊசி போட்டார்கள். அவள் கையில் ஒன்றுமே எழவில்லை. நோய் முற்றி எதிர்ப்பு ஓய்ந்த உடலும் அவ்வாறே ஒன்றும் காட்டாது என்ற பாடநூல் பக்கத்தை அறிந்தவனாக இருந்தும், அன்று நான் மகிழ்ந்தேன். சளிச் சோதனைக்குப் பத்து நாள் தாமதமானது அதனால்தான். ஆகவே இப்போது மருத்துவரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: இந்தக் குழந்தையின் உடல் பதில் சொல்லும் திராணியுடன் இருந்துகொண்டுதான் மௌனமாக இருக்கிறதா?

மருத்துவர் இளையவர். எடை அட்டையைப் பார்த்தார். மூன்று மாதங்களில் எடை கூடியிருந்தது. எதிர்ப்பைச் சில வாரங்கள் அடக்கிவிடக்கூடிய தட்டம்மை வந்ததா என்று தாயிடம் கேட்டார், வரவில்லை. புதிய மார்புப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்; அதில் குறையில்லை. பிறகு என்னிடம் சொன்னார்.

"ஐயா, பிறந்ததும் போட்ட தடுப்பூசியை இந்தக் கை இன்னும் மறக்கவில்லை. இந்த நான்கு மில்லிமீட்டர் பெரும்பாலும் அதுதான். ஜூலையில் மூன்று, இப்போது நான்கு. இது ஏற்றமே இல்லை. ஒன்றுமே எழாமலிருந்தால் நானும் யோசித்திருப்பேன். மாத்திரையை நிறுத்திவிடலாம். ஆறு மாதம் கழித்து எடை பார்க்க மட்டும் வரட்டும்."

அந்தச் சிறு தடிப்பே எனக்கு வேண்டிய சான்றாக இருந்தது. பழையதை நினைவில் வைத்திருக்கும் உடல், புதிதாக எதுவும் நுழைந்ததாகச் சொல்லவில்லை. குழந்தையிடம் அனுமதி கேட்டு என் கட்டைவிரலை அங்கே வைத்தேன். பார்வைக்குத் தெரியாத ஒரு மேடு, தோலுக்கடியில் சிறிய விதை போல. விரலை எடுக்க எனக்குச் சற்று நேரமாயிற்று. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டு, குழந்தையின் சட்டைக் கையைச் சரிசெய்வதுபோல் முகத்தைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும் பேருந்தில் இளைஞர் விழித்திருந்தார். பதினெட்டு புள்ளி ஆறு என்ற எண்ணை மனைவி பலமுறை சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "இனிமே காய்ச்சல் வந்தா ஸ்க்ரூ கேஜ் எடுத்துகினு வரும் பாரு." அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஜூலைக்குப் பிறகு முதல் முறை. மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்த கரண்டியை அன்றே கழுவிக் கவிழ்த்துவிடப் போவதாக அவள் சொன்னாள்.

வீட்டுவாசலுக்கு வந்ததும் குழந்தை எங்கள் கதவைக் காட்டி நீலச் சேலை எங்கே என்று கேட்டது. ஜூன் மாதம் அதை நான் கொதிநீரில் துவைத்து, பல நாள் வெயிலில் போட்டு, பெட்டியில் பூட்டி வைத்திருந்தேன். அதில் எந்தக் கிருமியும் உயிரோடு இருக்க வழியில்லை. இது எனக்குத் தெரியும். ஆயினும் தாயின் முகத்தைப் பார்த்தேன்.

"குடுங்க சார்," என்றாள். "கேட்டுகினே கீது மூணு மாசமா."

நாளைக்கு எடுத்துத் தருகிறேன் என்றேன். இன்று, அக்டோபர் 13, ஞாயிறு.

செய்யாமல் விட்டவை:

பெட்டியைத் திறந்து நீலச் சேலையை எடுத்துக் கொடுப்பது.

என் மார்புப் படத்தை இரண்டாம் முறை எடுப்பது. முதலாவது ஜூனில் தெளிவாக இருந்தது.

பாடக் குறிப்பேட்டில் தடிப்பைப் பற்றிய அந்த வாக்கியத்தின் ஓரத்தில், தொட்டுப் பார்க்க வேண்டும் என்று எழுதுவது.

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்துச் சொன்னவளுக்கு நன்றி சொல்வது.