கொதிக்கும் கஞ்சியில் கரைத்த பொடி

பெங்களூரு ஹெப்பகோடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டி, நானும் என் கணவரும் கட்லா, ரோகு மீன்கள் வளர்க்கிறோம். மூன்று வருடங்களுக்கு முன் மீன்களின் உடம்பில் சிவப்புச் சிவப்பாகப் புண் வந்தது. தீவனக் கடைக்காரர் நல்ல நுண்ணுயிர்கள் கலந்த புரோபயாடிக் பொடி ஒன்றைக் கொடுத்து, "தீவனத்துல கலந்து போடுங்கம்மா, மீனுக்கு எதிர்ப்பு சக்தி வரும்" என்றார்.

பொடி தீவனத்தில் நன்றாக ஒட்ட வேண்டுமே என்று கொதிக்கும் அரிசிக் கஞ்சியில் கரைத்துப் பிசைந்தேன். பத்து நாள் தவறாமல் போட்டேன். ஆனால் தினமும் காலையில் நாலைந்து மீன்கள் செத்து மிதந்தன.

"போதும், குளத்தை மூடிடலாம்" என்றார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. காலிப் பாக்கெட்டோடு கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

கடைக்காரர் நிதானமாக, "எப்படிக் கலந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"ஐயோ, கொதிக்கிற பால்ல உறை ஊத்தினா தயிர் ஆகுமாம்மா? அதுல இருக்கறது உயிரு, சூட்டுல செத்துடும். பாக்கெட்லயே கன்னடத்துல போட்டிருக்கே, பாக்கலயா?"

எனக்குக் கன்னடம் பேசத்தான் வரும், படிக்கத் தெரியாது. வெட்கமாகிவிட்டது. ஆனாலும் இன்னொரு பாக்கெட் வாங்கினேன். கஞ்சியை நன்றாக ஆறவைத்துக் கலந்து, தீவனத்தை நிழலில் உலர்த்திப் போட்டேன். புண் உடனே ஆறவில்லை. ஒரு மாதத்தில் புண்கள் ஆறின, மீன்கள் சாவதும் நின்றது; தீவனம் போட்டதும் துள்ளி வந்தன.

அந்த மாதமே என் மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக் கன்னட எழுத்துகளைப் படிக்கத் தொடங்கினேன். இப்போது எந்தப் பாக்கெட்டானாலும் கடையிலேயே நின்று, கடைசி வரி வரை எழுத்துக்கூட்டிப் படித்த பிறகுதான் வீட்டுக்கு எடுத்து வருகிறேன்.