சிவப்புப் பட்டியலைத் திரையில் போட்ட எஸ்தர் டீச்சர்

சென்ற வியாழக்கிழமை பெரியகுளத்தில் நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தபோது எஸ்தர் டீச்சரின் கணவர் அழைத்தார். "எஸ்தர் போயிட்டா சார். நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

கூடலூர் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை அவர். பள்ளிகளுக்கு டேப்லெட்டும் பாடச் செயலியும் வந்தபோது, அவற்றுக்கு விதிகள் எழுத மாவட்டத்தில் ஒரு குழு அமைத்தார்கள். அதில் நாங்கள் இருவரும் இருந்தோம். அவருக்கு அந்தக் கருவிமேல் கொள்ளை ஆசை. பின்னத்தைத் திரையில் வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான சார் இத்தன வருசமா கரும்பலகையோட மல்லுக்கட்டுனேன்" என்று சிரித்தார்.

ஆனால் செயலியின் வீட்டுப்பாடத்தைப் பெற்றோரின் போனில் மாலை ஆறு மணிக்குள் முடிக்க வேண்டும். இதைக் கேட்டதும் அவர் குழு முழுவதையும் ஒரு விடியற்காலையில் கூடலூருக்கு வரவழைத்தார். கேரளத் தோட்டங்களுக்குப் போகும் ஜீப்பில் ஏறப்போன ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: "போனு எங்கிட்ட, பாடம் பிள்ளகிட்ட. நான் ஏலத்தோட்டத்துல இருந்து வரவே இருட்டிரும். ரெண்டும் எங்கன சேரும்?" எங்கள் தலைவரான அதிகாரி அதை அப்படியே குறித்துக்கொண்டார்.

அடுத்த கூட்டத்தில் இன்னொரு சிக்கல். தாமதமாக முடிக்கும் பிள்ளைகளின் பெயர் வகுப்புக்கே தெரியும்படி சிவப்பில் வரும். "அப்பத்தான் போட்டி போட்டுப் படிப்பாங்க" என்றார் செயலியை விற்ற நிறுவனத்துக்காரர். டீச்சர் தன் மடிக்கணினியைத் திரையோடு இணைத்தார். குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் தாமதமாக வந்த கணக்கு, வரிசையாகத் திரையில் விரிந்தது. கடைசி இரண்டு பெயர்கள் சிவப்பு. ஒன்று அதிகாரி, அதற்கும் கீழே எஸ்தர் டீச்சர்.

"என் பேரை எடுத்துருங்க டீச்சர், சங்கடமா இருக்கு" என்றார் அதிகாரி.

"நீங்க சொன்னா நான் எடுத்துருவேன் சார். பிள்ளைக யார்கிட்டப் போய்ச் சொல்லும்?"

அன்றே இரண்டு விதிகள் எழுதினோம். வீட்டில் போன் இருந்தால்தான் படிக்கலாம் என்ற நிலையில் எந்தப் பாடமும் இருக்கக் கூடாது. ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணும் தவறும் தாமதமும் அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். நான் அவற்றைத் தட்டச்சு செய்தேன். ஊருக்குப் போகும் பேருந்திலிருந்து டீச்சர் அழைத்து, "இன்னொரு தடவ வாசிங்க சார்" என்றார். மூன்று முறை வாசித்தேன். பக்கத்து இருக்கைக்காரரிடம் அவர் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்வது எனக்குக் கேட்டது.

விதிகள் நடைமுறைக்கு வந்த வாரம் மறுபடியும் அழைத்தார். திரையைக் கண்டாலே ஒதுங்கும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவரிடம் ஓடிவந்து, "நாலு தடவ தப்பாப் போட்டேன் டீச்சர், யாருக்கும் தெரியல. அஞ்சாவது வந்துருச்சு" என்றாளாம். அதைச் சொல்லும்போது டீச்சருக்கு மூச்சு வாங்கியது.

இப்போது வருகைப்பதிவுக்காகப் பிள்ளைகளின் முகத்தைக் கேமராவில் பதியலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. முடிவெடுக்கும் முன் கூடலூர்த் தாய்மார் இருவருக்கும் மாணவியர் இருவருக்கும் குழுவில் இடம் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். விதி யார்மேல் விழப்போகிறதோ அவர்களை முதலில் கேட்பது என்ற பழக்கம் எஸ்தர் டீச்சரிடமிருந்து எனக்கு வந்தது. அதிகாரி கையெழுத்திட்டுவிட்டார். திங்கட்கிழமை நால்வரும் வருகிறார்கள்.