மிதிக்காத கும்மி

நடனத்தின் வழியாக வரலாறு படிக்கிறேன் என்று சொன்னால் எங்கள் சொந்தக்காரர்கள் முதலில் என் காலைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தைப் பார்ப்பார்கள். "ஆடிக்கிட்டேவா பரீட்சை எழுதுவீக?" என்று ஒரு மாமா கேட்டார். நான் கோபித்துக்கொள்வதில்லை. ஓர் ஊரின் கதையை அறியக் கல்வெட்டைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நான் அந்த ஊர்ப் பெண்கள் கும்மியடிக்கும்போது அவர்கள் காலைப் பார்ப்பேன். கால் பொய் சொல்லாது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இந்தத் திமிர் கல்லூரியில் வந்ததல்ல. ஐந்தாம் வகுப்பில், என் அம்மாவை எட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் அவமானப்படுத்திய ஒரு சனிக்கிழமையில் தொடங்கியது.

எங்கள் ஊர் தாயில்பட்டிக்குப் பக்கம். அம்மாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் வேலை, வெடிக்குள் மருந்து செலுத்துகிற ரூமில். அந்த வருடம் பள்ளி ஆண்டு விழாவுக்கு எங்கள் சமூக அறிவியல் டீச்சர் மாவட்டத்தின் வரலாறு முழுவதையும் நடனமாகவே போட்டுவிடுவது என்று முடிவு செய்தார். பாண்டியர்களுக்கு ஒரு நடனம், பாளையக்காரர்களுக்கு ஒன்று, வெள்ளைக்காரனை விரட்ட ஒன்று. ராஜாக்களுக்கு ஜிகினா உடையும் முக்கால் மணி நேரமும் போனது போக, மிச்சமிருந்த ஐந்து நிமிடத்தில் உழைக்கும் மக்களுக்கு ஒரு கும்மி. அந்தக் கும்மியில் நடுவே நின்று பாட்டெடுத்து ஆடுகிற இடம் எனக்கு வேண்டும். சோறு இறங்காத அளவுக்கு வேண்டும்.

அதற்காக ஒரு வேலை செய்தேன். டீச்சரிடம் போய், "எங்கம்மா வந்து சொல்லித் தருவாக டீச்சர். பங்குனிப் பொங்கலுக்கு எங்க தெருவுல அவுகதான் முதல் ஆட்டக்காரி. அவுக மிதிச்சா பூமியே அதிரும்" என்றேன். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. பொங்கலுக்கு மேளமும் ரேடியோ செட்டும் அலறுகிற அலறலில் யார் காலில் சத்தம் வருகிறது, யார் காலில் வரவில்லை என்று எவர் கண்டது?

கம்பெனியில் பட்டாசு சீசன் நேரம். போர்மேனிடம் கெஞ்சி அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு அம்மா வந்தாள். நகக்கண்ணில் வெள்ளிப் பவுடர் போகவில்லை, ஆனால் தலையில் பூ இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகி ஆடத் தொடங்கினாள். கை தட்டு கணீரென்று விழுந்தது. இடுப்பு வளைந்து நிமிர்ந்தது. காலில் மட்டும் சத்தமே இல்லை. வகுப்பறைத் தரையில் பூனை நடப்பதுபோல் இருந்தது.

டீச்சர் மரியாதையாகத்தான் சொன்னார். "நல்லா ஆடுறீங்கம்மா. கொஞ்சம் மிதிச்சு ஆடுங்க. இது காட்டுல பாடுபட்ட சனங்க ஆட்டம், தரை பேசணும்."

அம்மா காலை நன்றாகத் தூக்கினாள். வேகமாகத்தான் இறக்கினாள். ஆனால் தரைக்கு ஒரு விரற்கடை மேலே வந்ததும் கால் தானாக வேகம் குறைந்து, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் மெல்ல இறங்கியது. இன்னொரு தரம் முயன்றாள். அப்போதும் அப்படியே. ஒருத்தி கிளுக்கென்று சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"மிதிம்மா, நல்லா மிதி!" என்று கத்தினேன்.

"வரமாட்டேங்குது தாயி" என்று அம்மாவும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடு இடம் கைவிட்டுப் போவது கண்ணில் தெரிந்தது. "உனக்குக் கும்மியே தெரியல. தெரிஞ்ச மாதிரி ஊரெல்லாம் ஆடிக்கிட்டுத் திரியிற" என்றேன், டீச்சரும் கேட்கும்படி. அம்மாவின் சிரிப்பு நின்றது. செருகிய சேலையை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போனாள். அதை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் அடி விழும் என்று நினைத்தேன். அம்மாவோ என் கையைப் பிடித்து அத்தை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அப்பாவின் அக்கா அவள். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் இடம் பிடித்த தகராறில் இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "அடைச்ச ரூமுக்குள்ள ஒக்கார என்னால ஆகாது" என்று கம்பெனிப் பக்கமே போகாமல், கரிசல் காட்டில் பருத்தி எடுத்தே காலத்தைத் தள்ளியவள் அத்தை.

"மதினி, எம்புள்ளைக்கு மிதிச்சு ஆடச் சொல்லிக் கொடுங்க" என்றாள் அம்மா, வாசலில் நின்றபடியே.

"ஏன், நீதான் தெருவுக்கே பெரிய ஆட்டக்காரியாச்சே?"

"எனக்கு வராது மதினி. அவளுக்கு வரணும்."

குத்திக்காட்ட அத்தைக்கு வாகான நேரம்தான். அவளோ முற்றத்துக்கு இறங்கி ஒரு மிதி மிதித்தாள். மேய்ந்த கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன.

மருந்து ரூமில் பெட்டியை இழுக்கக் கூடாது, எதையும் கீழே போடக் கூடாது, காலைத் தரையில் ஓங்கி வைக்கவோ தேய்க்கவோ கூடாது. அதிர்ந்தாலோ உராய்ந்தாலோ போதும், ரூம் இருக்காது. வெறுங்காலோடு அந்தத் தரையில் பதினோரு வருடம் நடந்தவள் அம்மா. இன்று எங்கள் வட்டாரத்தில் எந்தப் பொங்கலுக்குப் போனாலும் ஒரே கும்மி வட்டத்தில் இரண்டு விதமான கால்களைப் பார்க்கிறேன். காட்டு வேலைக்குப் போனவர்கள் மிதிக்கிறார்கள். கம்பெனிக்குப் போனவர்கள் வைக்கிறார்கள். எந்த வயதுக்கு மேலே உள்ளவர்கள் மிதிக்கிறார்கள் என்று பார்த்தால் அந்த ஊர் எப்போது காட்டை விட்டுக் கம்பெனிக்குப் போனது என்று சொல்லிவிடுவேன். இதுவரை தப்பியதில்லை. டீச்சர் சொன்னது பாதி சரி, கும்மி காட்டுச் சனங்களின் ஆட்டம்தான். மீதிப் பாதியை அம்மா எங்கள் கண்ணெதிரே ஆடிக் காட்டினாள். வரலாற்றை ஆட வந்த நாங்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் தப்பு என்றோம்.

ஒரு வாரம் அத்தை வீட்டு முற்றத்தில் மிதித்தேன். குதிகால் வெடித்தது. கம்பெனி வண்டியை விட்டு இறங்கியதும் அம்மா நேராக அங்கே வந்து, ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பாள். ஒரு திருத்தமும் சொல்ல மாட்டாள். வாயை மூடிக்கொண்டு பார்ப்பது தோற்றவர்களின் லட்சணம் என்று எனக்குள் ஒரு கெட்டிக்காரத்தனமான எண்ணம் வேறு.

விழாவில் நடு இடம் எனக்குத்தான். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. நான் மிதித்த மிதியில் பெஞ்சு தனியாகக் கழன்றுவிடுமோ என்று டீச்சர் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே ஒரே கைதட்டல். பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் அம்மா எழுந்து நின்று தட்டினாள். அழுதுகொண்டே தட்டினாள்.

ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். ஜெயித்தவள் பெருந்தன்மையாக இருக்க வேண்டும் அல்லவா? "அழாதம்மா, பழகினா ஒனக்கும் ஒரு நாளைக்கு வரும்" என்றேன்.

"எனக்கு வேணாம் தாயி, நீ மிதி" என்று என் இரண்டு கால்களையும் தடவிக் கொடுத்தாள். பாவம், ஆட்டத்தில் என்னிடம் தோற்றுவிட்ட வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். மருந்து ரூமுக்கு லாயக்கில்லாத காலாக என் கால் ஆகிவிட்டது என்ற சந்தோஷத்தில் அவள் அழுகிறாள் என்பது பத்து வயதுக்கு எங்கே தெரியும்.