பிரிந்த தேதி

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் சொசைட்டி பார்க்கில் காலையில் நடக்க வருகிற ஓய்வுபெற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு விவாகரத்துச் சட்டம் வைத்திருக்கிறார்கள். அத்தனையும் தப்பு. சட்டத்தைப் படித்தவன் நான் ஒருவன்தான். முப்பத்தாறு வருடம் மத்திய அரசில் கோப்பு பார்த்தவன். மாலை வகுப்புக்குப் போய் சட்டப் பட்டமும் வாங்கியவன். மனுக்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது என் உத்தியோகம். மனுதாரர் பெயரை மட்டும் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்த்தால் மனம் சாயும் என்பது என் கொள்கை.

போன குளிர்காலத்தில் என் மனைவி சந்தேகம் கேட்க ஆரம்பித்தாள். தமிழ்ப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கூட வேலை பார்த்த ஒருத்திக்காகக் கேட்பதாகச் சொன்னாள்.

"ஏங்க, ஏழு வருஷம் பிரிஞ்சு இருந்தா கல்யாணம் தானாவே ரத்தாயிடுமாமே?"

"யார் சொன்னது, பால் பூத் பையாவா? ஏழு வருஷமா ஆள் உயிரோட இருக்கானான்னே தெரியலைன்னா அது வேற. அப்பவும் மனு போடணும். இந்த ஊர்ல தானா ஆகறது பவர் கட் மட்டும்தான்."

சிரித்தாள். என் நகைச்சுவைக்கு அவள் சிரித்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

அடுத்த வாரம், பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள். "ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி சீல் வச்சா போதும்னு அவ அண்ணன் சொல்றாராம்."

"அதுல பக்கோடா மடிக்கலாம். கோர்ட் ஆர்டர் வேணும்."

"பொண்டாட்டிக்குப் பாதி வீடு?"

"அது டிவியில வர்ற வெளிநாட்டுச் சட்டம். இங்க அப்படித் தானா எதுவும் பாதி ஆகாது."

"அச்சா" என்றாள். கொஞ்ச நேரம் உரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஒரே வீட்டுல இருக்கறவங்க பிரிஞ்சு இருக்கறதாச் சொல்ல முடியாது, இல்லையா?" என்றாள்.

பார்க்கில் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிரிந்து வாழ்வது என்றால் வேறு வீடு என்று பொருள் இல்லை, ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் பிரிந்ததுதான், அப்படி ஒரு வருடம் ஆகி இருவரும் சம்மதித்தால் மனு போடலாம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவள் பட்டாணியை மறந்து கேட்டாள்.

"இதையெல்லாம் எழுதிக் குடுத்துடுங்களேன். நான் போய் அவகிட்ட சொல்றதுக்குள்ள மறந்துடும்."

எழுதிக் கொடுத்தேன். பழைய சுற்றறிக்கையின் பின்பக்கத்தில், பாயின்ட் பாயின்ட்டாக, கீழே என் சுருக்கொப்பத்தோடு.

ஹோலி முடிந்த வாரம் சாப்பாட்டு மேசையில் ஆறு பக்கம் டைப் அடித்த மனுவை வைத்தாள். "இதில ஏதாவது தப்பு இருக்கா பாருங்க."

வழக்கம்போல் பெயர்களைத் தாண்டி, பென்சிலோடு உள்ளே போனேன். ஒரே கூரையின் கீழ் பிரிந்து வாழ்வதாக அழகாக ஒரு பத்தி. ஜீவனாம்சம், வீடு எதிலும் மனைவி உரிமை கோரவில்லை என்று இன்னொரு பத்தி. "நல்லா எழுதியிருக்காங்க" என்று பாராட்டினேன். அதற்கடுத்த பத்தியில் முகவரி இருந்தது. எங்கள் ஃபிளாட் எண்.

"இது நம்ம அட்ரஸ்."

"ஆமா."

"உன் ஃப்ரெண்டு?"

"யாருன்னு நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலையே."

"என்னை ஏமாத்திட்டே. என்னை வச்சே எனக்கு எதிரா வாதாடியிருக்கே."

"எனக்காகக் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"டைப் அடிச்சது யாரு?" என்றேன். பெங்களூரிலிருந்து எங்கள் பையன். வாரம் தவறாமல் போன் பண்ணி என் பிரஷர் என்ன என்று விசாரித்தவன்.

விலகினவளைப் போலவா இருந்தாள்? காலையில் காபி வந்தது, இரவில் சப்பாத்தி வந்தது. அவள் பின்னறைக்குப் போய்ப் படுப்பதை என் குறட்டைக்கான தற்காலிக ஏற்பாடு என்று நினைத்திருந்தேன். நான் குடித்தனம் நடத்துவதாக எண்ணிக்கொண்டிருந்த வீட்டில் அவள் பிரிந்து வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறாள். எனக்கு ஒரு நோட்டீஸ்கூட இல்லை.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். குறை தேடித்தான். ஒன்று கிடைத்தது. பிரிந்து வாழத் தொடங்கிய தேதிக்கான இடம் காலி.

"தேதி போடலை. இதை அப்படியே திருப்பிடுவாங்க."

"உங்களுக்காகத்தான் விட்டிருக்கேன். எனக்கு ஆபரேஷன் ஆன அன்னிக்கு. கண் முழிச்சப்போ பக்கத்துல நர்ஸ் இருந்தா. நீங்க ஆஸ்பத்திரி பில் ஃபாரத்துல சீல் வாங்கப் போயிருந்தீங்க. சாயந்திரம் வந்து, எல்லாம் கரெக்டா முடிஞ்சுதுன்னு சொன்னீங்க. தேதி எனக்கு மறந்துபோச்சு. நீங்க ஃபைல் பண்ணியிருப்பீங்க."

பண்ணியிருந்தேன். அலமாரியில் மூன்றாவது கோப்பு, நீல நாடா. டிஸ்சார்ஜ் தாளை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதில் ஆபரேஷன் தேதி இருந்தது, நாலு வருடத்துக்கு முந்தையது. காலியிடத்தில் என் கையாலேயே எழுதினேன்.

"இது முதல் மனுதான்" என்றேன். "ரெண்டு பேரும் சம்மதம்னு மறுபடி ரெண்டாவது மனு போட ஆறு மாசம் ஆகும். அதுக்குள்ள நான் சம்மதம் இல்லைன்னு சொல்லலாம்."

"தெரியும். எழுதிக் குடுத்திருக்கீங்களே, அஞ்சாவது பாயின்ட்."

குறையில்லாத மனுவை நான் ஒருநாளும் நிறுத்தி வைத்ததில்லை. பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நடுவில் நிறுத்தி, ஒரு தாளை என்னிடம் திருப்பி நீட்டினாள்.

"நாலாம் பக்கம் விட்டுட்டீங்க."